பழைய கிதாரும் ஓர் அளவுகோலும்

வீணைக்குத் தந்திகள் ஏழு, வயலினுக்கு நான்கு, கிதாருக்கு ஆறு. இந்த ஆறையும் ஆறு சோடிகளாக்கிப் பன்னிரண்டு தந்திகள் பூட்டிய கிதாரும் உண்டு. சோடியின் இரு தந்திகளும் நெருங்கி இருப்பதால் ஒரே விரல் இரண்டையும் சேர்த்து அழுத்திவிடும். மெல்லிய முதல் இரண்டு சோடிகளில் இரு தந்திகளுக்கும் ஒரே சுருதி. மற்ற நான்கு சோடிகளில் ஒன்று தடித்த தந்தி. இன்னொன்று அதற்கு மேல் ஸ்தாயியில் ஒலிக்கும் மெல்லிய தந்தி. ஒரே சுருதி என்று சொல்லப்படும் தந்திகள்கூட இம்மியும் பிசகாமல் ஒத்துப்போவதில்லை. ஒன்று நொடிக்கு 247 முறையும் மற்றொன்று 248 முறையும் அதிர்ந்தால் நொடிக்கு ஒரு விம்மல் எழும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். அந்த விம்மலும் மேல் ஸ்தாயியும் கலப்பதால்தான் ஒருவர் வாசிக்கும்போதே இருவர் வாசிப்பது போலக் கேட்கிறது.

அமெரிக்க நாட்டுப்பாடகர் லெட்பெல்லி (மறைவு 1949) இக்கருவியால் பெரும் புகழ் பெற்றார். அவர் வாசித்தது ஸ்டெல்லா என்னும் விலை மலிந்த கிதார். 1960களில் இதற்கு மீண்டும் ஒரு மவுசு வந்தது. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் ஜப்பானிலும் அப்போது செய்யப்பட்ட கருவிகள்தாம் இன்று இணையத்தில் 'பழமையானது, அரியது' என்ற அடைமொழியுடன் விற்பனைக்கு வருகின்றன.

இங்கிலாந்தில் ஒரு கல்லூரி மாணவர், இரண்டு ஆண்டுகள் விடுமுறை வேலை செய்து சேர்த்த பணத்தில் இப்படி ஒன்றை வாங்க விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முன் இரண்டு கிதார்கள். ஒன்று 1960களின் நடுவில் அமெரிக்காவில் செய்தது. இப்போதும் அங்கேதான் இருக்கிறது. மற்றது 1970களில் இத்தாலியின் ரெக்கனாட்டி நகரில் செய்த 'ஈகோ ரேஞ்சர் 12'. இங்கிலாந்திலேயே வேறோர் ஊரில் இருக்கிறது. படங்களில் இரண்டும் பளபளக்கின்றன. இரண்டிலும் 'நல்ல நிலையில் உள்ளது' என்ற அதே வாக்கியம். கையில் எடுத்துப் பார்க்க வழியில்லை. விற்பவர் பொய் சொல்பவராக இருக்க வேண்டியதில்லை. கிதாரின் உண்மையான நோய் அவர் கண்ணுக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் அவரிடம் மில்லிமீட்டர் குறித்த ஓர் அளவுகோல் இருந்தால், கடல் கடந்தும் அந்த நோயைக் கண்டுபிடித்துவிடலாம். எப்படி?

நூறு கிலோவுக்கு மேல் ஓர் இழுப்பு

பள்ளி ஆய்வகத்துச் சுரமானியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். தந்தியின் அதிர்வெண் அதன் நீளத்துக்கு எதிர் விகிதத்திலும், இழுவிசையின் வர்க்க மூலத்துக்கு நேர் விகிதத்திலும், ஓரலகு நீளத்தின் நிறையின் வர்க்க மூலத்துக்கு எதிர் விகிதத்திலும் இருக்கும். 1636இல் பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சென் தம் நூலில் விளக்கிய விதி இது. இதைத் திருப்பி எழுதினால் இழுவிசை கிடைக்கும்:

இழுவிசை = ஓரலகு நீளத்தின் நிறை × (2 × நீளம் × அதிர்வெண்)²

கிதாரின் முதல் தந்தி 0.254 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் கம்பி என்று கொள்வோம். ஒரு மீட்டர் கம்பியின் நிறை ஏறத்தாழ 0.4 கிராம். அதிரும் நீளம் 64.8 செ.மீ.; அதிர்வெண் 330 ஹெர்ட்ஸ். கணக்கிட்டுப் பாருங்கள்: சுமார் 73 நியூட்டன், அதாவது 7.4 கிலோகிராம் எடைக்குச் சமமான இழுப்பு. தடித்த தந்திகள் இதைவிட அதிகமாக இழுக்கும். பன்னிரண்டையும் கூட்டினால் 110 கிலோகிராம் எடையை ஒட்டி வந்து நிற்கிறது. ஆறு தந்திக் கிதாரில் இது 70 சொச்சம்தான்.

இங்கே சற்று விலகி ஒரு வேடிக்கையைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் சோடியில் உள்ள மேல் ஸ்தாயித் தந்திதான் பன்னிரண்டிலும் உச்ச சுருதி உடையது, 392 ஹெர்ட்ஸ். அடிக்கடி அறுவதும் அதுவே. "கொஞ்சம் தடித்த கம்பியாகப் போட்டால் அறாதே?" என்று தோன்றும். தடிப்பைக் கூட்டினால் நிறை கூடும். அதே சுருதிக்கு அதே விகிதத்தில் இழுவிசையையும் கூட்ட வேண்டியிருக்கும். ஆகவே ஒரு சதுர மில்லிமீட்டரின் மேல் விழும் தகைவு மாறுவதே இல்லை. அது எஃகின் அடர்த்தியையும் நீளத்தையும் அதிர்வெண்ணையும் மட்டுமே பொறுத்தது. இந்தத் தந்திக்குச் சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 2,000 நியூட்டன். சாதாரண மென் எஃகு 400 நியூட்டன் அளவிலேயே அறுந்துவிடும். எனவே "இந்தத் தந்தி அடிக்கடி அறுகிறது" என்று விற்பவர் சொன்னால் அதைக் குறையாகக் கொள்ள வேண்டாம்.

தந்தி அறுந்தால் வேறு தந்தி போடலாம். மரம் அப்படியன்று. நம் வீணையைப் போலவே கிதாரிலும் தந்திகளைத் தாங்கும் துண்டுக்குக் குதிரை என்றும், விரலுக்கு அடியில் உள்ள உலோகக் குறுக்குக் கம்பிகளுக்கு மெட்டு என்றும் பெயர் சொல்லலாம். குதிரை ஒட்டியிருக்கும் மேற்பலகை சுமார் 3 மி.மீ. தடிப்புள்ள ஸ்ப்ரூஸ் மரம். தந்திகள் அந்தப் பலகைக்கு ஏறத்தாழ 12 மி.மீ. உயரத்தில் 1,100 நியூட்டன் விசையுடன் இழுக்கின்றன. இதன் திருப்புத்திறன் 13 நியூட்டன்-மீட்டர். ஒரு மீட்டர்க் கோலின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு மறுமுனையில் 1.3 கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டுப் பாருங்கள். மணிக்கட்டு எத்தனை நிமிடம் தாங்கும்? கிதாரின் பலகை ஐம்பது ஆண்டுகளாக இரவும் பகலும் தாங்கிக்கொண்டிருக்கிறது.

புத்தகம் அடுக்கிய மரப்பலகை சில ஆண்டுகளில் நடுவில் தொய்வதைப் பார்த்திருப்பீர்கள். புத்தகங்களை எடுத்துவிட்டாலும் அது முழுவதும் நிமிர்வதில்லை. நீண்ட காலச் சுமையில் மரம் தன் மீட்சித் தன்மையைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்துவிடுகிறது. கிதாரிலும் இதுவே நடக்கிறது. குதிரைக்குப் பின்புறம் பலகை உப்புகிறது. முன்புறம் பள்ளம் விழுகிறது. கழுத்து உடலோடு சேரும் இடத்தில் முன்நோக்கிச் சாய்கிறது. எல்லாம் ஒன்று சேர்ந்து தந்திகளை மெட்டுகளிலிருந்து உயர்த்திவிடுகின்றன. பன்னிரண்டு தந்திக் கிதாரில் இரண்டிரண்டாக அழுத்த வேண்டும். தந்திகள் உயர்ந்துவிட்டால் விரல் புண்ணாவது ஒருபுறம். அழுத்தும்போது தந்தி கூடுதலாக நீண்டு சுருதியும் ஏறிவிடும்.

இரண்டே இரண்டு அளவுகள்

முதலில், 12ஆம் மெட்டின் உச்சிக்கும் தடித்த தந்தியின் அடிப்பக்கத்துக்கும் இடையே உள்ள தூரம். 2.5 மி.மீ. அளவில் இருந்தால் நன்று. அடுத்து, குதிரையின் மேல் பதித்த வெள்ளை எலும்புப் பட்டை மரத்துக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பது. இந்த இரண்டையும் அளவுகோலை வைத்தே படம் எடுத்து அனுப்பச் சொல்ல வேண்டும். 'உயரம் சரியாகத்தான் இருக்கிறது' என்ற பதில் பயனற்றது.

ஏன் இரண்டு அளவுகள்? தந்தி உயரமாக இருந்தால் எலும்புப் பட்டையை அடியில் தேய்த்துத் தாழ்த்துவதே எளிய மருத்துவம். 12ஆம் மெட்டு தந்தியின் சரிபாதியில் இருக்கிறது. வடிவொத்த முக்கோணங்களை வரைந்து பார்த்தால், குதிரையில் 2 மி.மீ. தாழ்த்தினால்தான் நடுவில் 1 மி.மீ. தாழும் என்பது விளங்கும்.

நம் மாணவருக்கு அமெரிக்காவிலிருந்து பதில் வருகிறது: 12ஆம் மெட்டில் 4 மி.மீ.; எலும்புப் பட்டை 2 மி.மீ. தேவைப்படுவது நடுவில் 1.5 மி.மீ. தாழ்வு, அதற்குக் குதிரையில் 3 மி.மீ. தேய்க்க வேண்டும். இருப்பதோ 2 மி.மீ.! அதிலும் ஒரு மி.மீட்டராவது மிஞ்சியிருந்தால்தான் தந்தி அதன்மேல் அழுந்தி உட்காரும். ஆக, அதிகம் போனால் 4 என்பது 3.5 ஆகும். எளிய மருத்துவம் இங்கே பலிக்காது.

"கழுத்துக்குள் சரிசெய்யும் கம்பி இருக்கிறது, திருகினால் போதும்" என்று விற்பவர் சொல்லக்கூடும். கழுத்துக்குள் எஃகுக் கம்பியைப் பொருத்தித் திருகால் முறுக்கும் உத்திக்கு, கிப்சன் நிறுவனத்தைச் சேர்ந்த தாடியஸ் மக்ஹூ 1923இல் காப்புரிமை பெற்றார். நல்ல உத்திதான், ஆனால் அது வில்லாய் வளைந்த கழுத்தை நிமிர்த்தும். சாய்ந்த கழுத்தை நிமிர்த்தாது. வளைவு வேறு, சாய்வு வேறு. இணையத்தில் கிதார் வாங்குவோர் பெரும்பாலும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். இரண்டையும் பிரித்தறிவது எளிது. தந்தியை முதல் மெட்டிலும் 14ஆம் மெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் இழுபட்ட தந்தியே ஒரு நேர்கோடு. இடையில் உள்ள மெட்டுகளுக்கும் தந்திக்கும் இடைவெளி ஓர் அஞ்சலட்டைத் தடிப்புக்குள் இருந்தால் வளைவு அதிகமில்லை. இனி ஒரு நீண்ட நேரான சட்டத்தை மெட்டுகளின் மேல் கிடத்திக் குதிரைவரை நீட்ட வேண்டும். சட்டத்தின் முனை குதிரை மரத்தின் உச்சியை உரசினால் சாய்வு இல்லை. உச்சிக்குக் கீழே குதிரையின் முன்பக்கத்தில் இடித்தால், கழுத்து சாய்ந்துவிட்டது.

அமெரிக்கக் கிதாரின் கழுத்து, புறாவின் வால் வடிவில் செதுக்கி உடலுக்குள் இறக்கிப் பசையால் ஒட்டியது. அதன் கோணத்தை மாற்ற, பொருத்தினுள் நீராவியைச் செலுத்திப் பசையை இளக்கி, கழுத்தைக் கழற்றி, அடியைச் செதுக்கி மீண்டும் ஒட்ட வேண்டும். தேர்ந்த கைவினைஞரின் வேலை. கூலி சில சமயம் கிதாரின் விலையையே எட்டிவிடும்.

ஈகோ கிதாரின் உரிமையாளரும் அதே அளவுகளை அனுப்புகிறார்: 4 மி.மீ., 2 மி.மீ. நோய் ஒன்றே. ஆனால் ரேஞ்சரின் கழுத்தை ஒட்டவில்லை. பின்புறமிருந்து திருகாணிகளால் இறுக்கியிருக்கிறார்கள். தந்திகளைத் தளர்த்தி, திருகாணிகளைக் கழற்றி, கழுத்தின் அடியில் ஒருபுறம் மெல்லிய தகடு வைத்து முடுக்கினால் கோணம் மாறிவிடும். எவ்வளவு தடிப்பு? 14ஆம் மெட்டிலிருந்து குதிரைக்குத் தூரம் சுமார் 29 செ.மீ.; அங்கே தேவைப்படும் மாற்றம் 3 மி.மீ. கழுத்து அமரும் இடம் 6 செ.மீ. நீளம் எனில், 3 × 6 ÷ 29 = 0.6 மி.மீ. ஒரு திருப்புளியும் மரச்சீவல் ஒன்றும் போதும். மலிவுக்காகச் செய்த ஒட்டுப்பலகைக் கிதார் என்று பலர் ஏளனம் செய்யும் கருவி அது. நாதத்தில் அமெரிக்கக் கிதாரே மேலானதாக இருக்கலாம். ஆனாலும் அந்த மாணவரின் பணப்பைக்கு நான் ஈகோவையே சொல்வேன்.

மரமும் சுங்கமும்

அமெரிக்கக் கிதாரில் இன்னொரு சிக்கலும் உண்டு. அக்காலத்து உயர்ந்த கிதார்களின் முதுகும் பக்கங்களும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தால் ஆனவை. அழிவின் விளிம்பில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை, 1992 முதல் அம்மரத்தைத் தன் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது. முன்பே செய்த கிதாராயினும் விற்பனைக்காக எல்லை தாண்ட அனுமதிச் சீட்டுகள் வேண்டும். இல்லையேல் சுங்கத்தில் பறிபோகலாம். ஆகவே மரத்தின் பெயரைக் கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது. 1960களின் இறுதியில் பிரேசில் கட்டைகள் கிடைப்பது அரிதானதும், மார்ட்டின் நிறுவனம் 1969இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறொன்றுமில்லை, நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோமே, அதுதான்.

எந்தக் கிதாரானாலும் தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தின் பின்புறத்தைப் படம் எடுத்துக் கேட்க வேண்டும். பன்னிரண்டு முறுக்காணிகள் பூட்டிய தலை கனமானது. பெட்டி மல்லாந்து விழுந்து உடல் சட்டென நின்றாலும், தலை நிலைமத்தால் தொடர்ந்து செல்ல முயலும். மெலிந்த அந்த இடத்தில் முறியும். பழைய முறிவை ஒட்டி மெருகு பூசியிருந்தால் மெல்லிய கோடாக வெளிச்சத்தில் தெரியும். அனுப்பும்போதும் இதே ஆபத்து உண்டு. தந்திகளைத் தளர்த்தி, தலைக்கு அடியிலும் இருபுறமும் கசக்கிய காகிதத்தைத் திணித்து, பெட்டிக்குள் தலை அசையாதபடி கட்டச் சொல்லி எழுதுவது நல்லது.

கிதார் வந்து சேர்ந்ததும் உடனே முழுச் சுருதிக்கு ஏற்ற வேண்டாம். குளிரில் வந்த பெட்டியைத் திறக்காமல் சில மணி நேரம் அறையில் வைத்திருந்து, பிறகு வழக்கத்துக்கு இரண்டு அரைச்சுரம் தாழ்த்திச் சுருதி சேர்க்கலாம். அதிர்வெண் 0.89 மடங்காகும், இழுவிசை அதன் வர்க்கம், அதாவது 0.79 மடங்கு. 110 கிலோகிராம் எடை 87 ஆகிவிடும். லெட்பெல்லி இதைவிடவும் தாழ்த்தியே வாசித்தார். பழைய சுருதிதான் வேண்டுமென்றால் இரண்டாம் மெட்டில் ஒரு கவ்வியைப் பூட்டினால் நீளம் குறைந்து சுருதி ஏறும், இழுவிசை ஏறாது. அன்றைக்கே 12ஆம் மெட்டின் உயரத்தை அளந்து, தேதியோடு ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கிதார்ப் பெட்டிக்குள் ஒட்டிவைத்துவிட்டால், ஆறு மாதம் கழித்து மரம் நகர்ந்திருக்கிறதா என்று அதே அளவுகோலால் பார்த்துக்கொள்ளலாம்.