சுரங்கத் தொழிலாளர் கண்ட நூலகம்



உழைப்பாளர் ஊர் ஒன்றின் வரலாற்றை இவ்வாண்டு மலரின் வாயிலாக உங்களுக்குக் கூற விழைகிறேன். அவ்வூர் நம் நாட்டிற்கு மிகத் தொலைவில் உள்ளது. எனினும், அங்கு வாழ்ந்தோர் நம்மைப் போலவே உடலுழைப்பால் வயிறு வளர்த்தவர்கள்.

மலையும் சுரங்கமும்

ஸ்காட்லாந்தின் தென்பகுதியில் லோத்தர் குன்றுகள் என்னும் மலைத்தொடர் உள்ளது. அதன் மடியில் லெட்ஹில்ஸ், வான்லாக்ஹெட் என்னும் இரு சிற்றூர்கள் அமைந்துள்ளன. ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கு நடந்தே சென்றுவிடலாம். வான்லாக்ஹெட் கடல் மட்டத்திற்கு மேல் 1,531 அடி உயரத்தில் உள்ளது. ஸ்காட்லாந்தின் மிக உயரமான ஊர் அதுவே. நம் கேமரன் மலையை நோக்க இவ்வுயரம் பெரிதன்று. ஆயினும், அது வடபுலத்து மலையாதலால் அங்குக் குளிர்காலம் மிகக் கடுமையானது. பனி பெய்து பாதைகளை மூடிவிடும்.

அக்குன்றுகளில் விளைந்த செல்வம் காரீயம். ஈயம் என்றதும் நமக்குக் கிந்தா வட்டாரத்து ஈயச் சுரங்கங்களே நினைவுக்கு வரும். அங்குத் தோண்டப்பட்டது வெள்ளீயம். இதுவோ கறுத்த, கனத்த காரீயம். கூரைத் தகடு, நீர்க்குழாய், துப்பாக்கிக் குண்டு ஆகியவற்றிற்கு அக்காலத்தில் காரீயம் பெரிதும் வேண்டப்பட்டது.

அன்றாட வாழ்வு

தொழிலாளர் சிறு குழுக்களாகச் சேர்ந்து, இவ்வளவு பாறையை இன்ன விலைக்கு வெட்டித் தருவோம் என்று நிறுவனத்தோடு பேசி முடிவு செய்துகொள்வர். கணக்குத் தீர்ப்பது ஆண்டுக்கு ஒரு முறையே. அதுவரை உணவுக்கான ஓட்ஸ் மாவை நிறுவனத்திடமே கடனாகப் பெறுவர். ஆண்டு முடிவில் கடன் கழித்துக் கையில் எஞ்சுவது சொற்பமே. தோட்டத்துக் கடைகளில் பற்று வைத்து வாழ்ந்த நம் முன்னோருக்கு இந்நிலை புதிதன்று.

சுரங்கத்தினுள் இருளும் ஈரமும் சூழ்ந்திருக்கும். உருக்கு உலைகளின் புகையோ நஞ்சு. சிறுவர்களும் உழைத்தனர், வெட்டிய தாதுவை ஓடும் நீரில் கழுவிப் பிரிப்பது அவர்களின் பணி. நீர் உறைந்துபோகும் குளிர்காலத்தில் அவ்வேலை நடவாது. அத்திங்கள்களில் அவர்கள் பள்ளிக்குச் சென்றனர்.

நூலகம் பிறந்த கதை

1730களில் லெட்ஹில்ஸ் சுரங்கங்களை நிருவகிக்க ஜேம்ஸ் ஸ்டர்லிங் என்பவர் வந்தார். அவர் பெயர் பெற்ற கணித அறிஞர். கணிதத்தில் 'ஸ்டர்லிங் வாய்பாடு' என இன்றும் வழங்குவது அவர் பெயரால் அமைந்ததே. சுரங்கத்தினுள் கெட்ட காற்றில் நெடுநேரம் உழைப்பது உயிருக்குக் கேடு என்பதால், அங்கு நாளொன்றுக்கு ஆறு மணி நேர வேலையே வழக்கமாயிற்று. ஆகவே, தொழிலாளருக்கு ஓய்வு நேரம் கிட்டியது. அந்நேரத்தை எவ்வாறு பயன்படுத்துவது?

1741ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அவ்வினாவுக்கு விடை கிடைத்தது. அவ்வூரில் 23 பேர் ஒன்றுகூடி ஒரு வாசிப்புச் சங்கத்தை நிறுவினர். அவர்களுள் 21 பேர் சுரங்கத் தொழிலாளர். மற்ற இருவர் சமயப் போதகரும் பள்ளி ஆசிரியரும் ஆவர். உறுப்பினர் ஒவ்வொருவரும் சந்தா செலுத்தினர். திரண்ட பணத்தில் நூல்கள் வாங்கப்பட்டன. சமயம், வரலாறு, பயணம், கவிதை எனப் பல துறை நூல்களும் சேர்ந்தன. தலைவர், எழுத்தர், பொருளாளர் ஆகியோரைத் தொழிலாளரே தேர்ந்தெடுத்தனர். திருப்பித் தரப்படும் நூல் கிழிந்துள்ளதா, அழுக்குற்றுள்ளதா என்று பார்ப்பதற்கும் ஆய்வாளர்களை அமர்த்தினர்.

பிரித்தானியத் தீவுகளில் தோன்றிய சந்தா நூலகங்களுள் இதுவே மிகப் பழையது என்பர். பிறர் இரக்கப்பட்டு ஈந்த தருமமாக அது தொடங்கவில்லை. உழைத்தவன் தன் காசில் தனக்கென வாங்கிய நூல்கள் அவை. எந்த நூலை வாங்குவது என்று முடிவு செய்யும் உரிமையும் அவனிடமே இருந்தது.

விளக்கிலிருந்து விளக்கு

ஒரு விளக்கிலிருந்து மற்றொரு விளக்கை ஏற்றுவது போல இம்முயற்சி பரவிற்று. 1756இல் வான்லாக்ஹெட் தொழிலாளரும் நூலகம் கண்டனர். 1793இல் வெஸ்டர்கர்க் என்னும் ஊரில், அஞ்சனக்கல் சுரங்கத்தில் உழைத்தோர் மற்றொரு நூலகத்தைத் தொடங்கினர். அவ்வட்டாரத்தில் ஆட்டிடையர் ஒருவரின் மகனாகப் பிறந்து, பாலங்களும் சாலைகளும் அமைத்துப் புகழ்பெற்ற பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு, 1834இல் மறைந்தபோது தம் உயிலின் வழி அந்நூலகத்திற்குப் பெருந்தொகை விட்டுச் சென்றார்.

1803இல் ஆங்கிலக் கவிஞர்களான வோர்ட்ஸ்வொர்த்தும் கோல்ரிட்ஜும் வான்லாக்ஹெட் வழியே பயணம் செய்தனர். வழியில் கண்ட சிறுவர்களிடம், பள்ளியில் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டனர். இலத்தீனும் கிரேக்கமும் படிப்பதாக அச்சிறுவர்கள் கூறினராம்! கோல்ரிட்ஜ் மேலும் வினவத் தொடங்கியதும் அவர்கள் ஓட்டம் பிடித்தனர். உடன் சென்ற டாரதி வோர்ட்ஸ்வொர்த் அம்மையார் இதனைத் தம் பயணக் குறிப்பில் எழுதி வைத்துள்ளார். தேர்வு என்றால் ஓடும் மாணவர் எந்நாட்டிலும் உண்டு போலும்!

நீராவிப் படகின் முன்னோடியான வில்லியம் சிமிங்டன் 1764இல் லெட்ஹில்ஸில் பிறந்தவர். 'ஷார்லட் டண்டாஸ்' என்னும் அவருடைய படகு, 1803இல் கால்வாயில் இரு சரக்குப் படகுகளை இழுத்துச் சென்று காட்டிற்று. நூலகம்தான் அவரை உருவாக்கியது என்று நான் துணிந்து கூறமாட்டேன். ஆனால், அறிவை மதிக்கும் ஊரில் அவர் பிறந்து வளர்ந்தார் என்பது உறுதி.

சுரங்கம் ஓய்ந்த பின்

ஈயத்தின் விலை வீழ்ந்தது. 1920களின் இறுதியில் லெட்ஹில்ஸ் சுரங்கங்களும், 1930களில் வான்லாக்ஹெட் சுரங்கங்களும் ஓய்ந்தன. இரயில் பாதையும் மூடப்பட்டது. வேலை தேடி மக்கள் வெளியேறினர். எனினும், நூல்கள் அழியவில்லை. லெட்ஹில்ஸ் நூலகம் சில காலம் பூட்டிக் கிடந்து, 1970களில் மீண்டும் திறக்கப்பட்டது. வான்லாக்ஹெட்டில் 1974ஆம் ஆண்டு முதல் அரும்பொருளகம் ஒன்று இயங்கி வருகிறது. பழைய நூலகத்தையும் அங்குக் காணலாம்.

பெற்றோர்களே! தோட்டங்கள் துண்டாடப்பட்டதையும், லயங்கள் வெறிச்சோடியதையும் நாம் கண்ணால் கண்டோம். தொழில் இன்றிருக்கும், நாளை போகும். நம் பிள்ளைகள் கற்றதை யாரும் விலை பேசி விற்க முடியாது. நம் பள்ளி நூலக அலமாரியில் இன்னும் இடம் காலியாக உள்ளது. குடும்பத்திற்குத் திங்கள்தோறும் ஒரு வெள்ளி ஒதுக்கினால், ஓராண்டில் அது நிரம்பும். எந்நூல் வாங்குவது என்பதை நீங்களும் கூடி முடிவு செய்யலாம். சிறு துளி பெருவெள்ளம் அல்லவா? அன்று அந்த 21 தொழிலாளரும் தொடங்கியது சிறு துளியாகத்தான்.

சிந்தித்து விடை எழுதுக

1. வெள்ளீயம், காரீயம் இவற்றின் வேறுபாடு யாது?
2. லெட்ஹில்ஸ் தொழிலாளருக்கு ஓய்வு நேரம் எவ்வாறு கிட்டியது?
3. தருமமாகப் பெற்ற நூலுக்கும் தாமே சேர்ந்து வாங்கிய நூலுக்கும் உள்ள வேறுபாடு யாது? பெற்றோருடன் கலந்துரையாடி எழுதுக.