குதிரைமேல் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன உழைப்பு?

"குதிரைதானே ஓடுகிறது, மேலே இருப்பவருக்கு என்ன உழைப்பு?" என்று நானும் எண்ணியிருந்தவன்தான். சென்ற ஆண்டு குதிரையேற்ற வகுப்பில் என் பேத்தி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட பிறகே அந்த எண்ணம் மாறிற்று. நம் சங்கத்துக் குடும்பங்களிலும் சில பிள்ளைகள் ஞாயிறுதோறும் இப்பயிற்சிக்குப் போவதால் இதை எழுதுகிறேன்.

அவள் விழுந்தது வகுப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில். குதிரை மிரளவில்லை, இடறவுமில்லை. வளைவில் திரும்பியது, அவ்வளவுதான். "கால் ஓய்ந்துபோச்சு தாத்தா" என்றாள்.

ரயில்வேயில் வேகன் பராமரிப்பில் பணியாற்றிய எனக்கு அது உடனே விளங்கிற்று. வேகனில் சுமையை ஒரு பக்கமாக ஏற்றினால் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் அமுங்கும். எதிர்ப்பக்கச் சக்கரத்தில் பாரம் குறையும். அப்படிப் பாரம் குறைந்த சக்கரம் வளைவில் தண்டவாளத்தின்மேல் ஏறிவிடக்கூடும். குதிரைக்கு நாமும் ஒரு சுமைதான். அதிலும் அசைகிற சுமை. நிற்கும் குதிரை தன் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்களில் தாங்குகிறது. களைத்தவர் முன்னால் சாய்ந்தால் அந்தப் பாரம் இன்னும் கூடும்.

நம் கணுக்கால், முழங்கால், இடுப்பு மூன்றும் ஸ்பிரிங்குகள். வயிற்றுத் தசையும் முதுகுத் தசையும் ஷாக் அப்சார்பர்கள். இவை களைத்து இறுகினால் ஒவ்வோர் அடியிலும் நம் உடல் குதிரையின் முதுகில் மோதும். விழாமலிருக்கக் கை கடிவாளத்தைப் பிடித்துத் தொங்கும். அந்த இழுப்பு குதிரையின் வாயை வருத்தும். முழங்காலால் இறுக்கிப் பிடித்தாலோ உடல் சேணத்தைவிட்டு மேலே தள்ளப்படும். ஆகவே வேண்டியது முரட்டு வலிமையன்று. நெடுநேரம் தளராமலும் இறுகாமலும் இருக்கும் உடல்.

நம் பெங்களூருவைச் சேர்ந்த ஃபவாத் மிர்ஸாவை எடுத்துக்கொள்வோம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தனிநபர் வெள்ளி வென்றார். 1982க்குப் பின் குதிரையேற்றத்தில் இந்தியர் ஒருவர் அங்கே பெற்ற முதல் தனிநபர் பதக்கம் அது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் 23ஆம் இடம் பெற்றார். அவருடைய ஈவென்டிங் போட்டியில் மூன்று சோதனைகள்: ஒழுங்குநடை, திறந்தவெளித் தடையோட்டம், அரங்கத் தாண்டல். டோக்கியோவில் இரண்டாவதற்கு மட்டுமே ஏறக்குறைய எட்டு நிமிடம் ஆயிற்று. அந்த நேரத்தில் பெரும்பகுதி சேணத்தில் உட்காராமல், அங்கவடியில் முழங்கால் மடக்கி நிற்க வேண்டும். வீட்டில் அரை நாற்காலி நிலையில் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள்; தொடை பதில் சொல்லும்.

பிள்ளைகளுக்குச் சில எளிய பயிற்சிகள்:

1. தினமும் தோப்புக்கரணம். பத்தில் தொடங்கி மெல்லக் கூட்டவும். தொடைக்கும் முழங்காலுக்கும் நல்லது.

2. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, கைப்பிடியைப் பிடித்தபடி குதிகாலை மெதுவாக இறக்கி ஏற்றவும். அங்கவடியில் குதிகால் தாழ்ந்திருக்க இது பழக்கும்.

3. பல் துலக்கும்போது ஒற்றைக்காலில் நிற்கவும், காலை மாற்றவும்.

4. சூரிய நமஸ்காரம், முதுகுக்கும் இடுப்புக்கும்.

5. வாரம் மூன்று நாள் ஸ்கிப்பிங் அல்லது ஓட்டம். குதிரை பாயும்போது நம் மூச்சும் நாடித்துடிப்பும் ஏறும்.

வாரம் முழுதும் கைபேசியோடு சோபாவில் சாய்ந்திருந்துவிட்டு ஞாயிறன்று குதிரை ஏறுவது ஆபத்து. ஹெல்மெட் தலையைக் காக்கும். களைத்த காலைக் காக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். என் பேத்திக்குக் கால் தளர்ந்தது விழுவதற்கு முன்பே தெரிந்திருக்கிறது. மற்றப் பிள்ளைகள் சிரிப்பார்களென்று வாய் திறக்கவில்லை. மாவுக்கட்டு பிரித்து, இரண்டு மாதம் தோப்புக்கரணம் போட்ட பிறகுதான் மீண்டும் ஏறினாள். முதல் நாளே பாதி வகுப்பில் "போதும் சார்" என்று கேட்டு இறங்கிவிட்டாள். உங்கள் பிள்ளைகளுக்கும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிக்கொடுத்து அனுப்புங்கள்.