இராப் பிரயாணமும் இளங்குழந்தைகளும்: காஞ்சியிலிருந்து தெற்கே காரில் செல்வோர்க்கு ஒரு வழிகாட்டி

குலதெய்வத்தின் சந்நிதியில் முதல் மொட்டை போடவும் காது குத்தவும், சமயபுரத்திலும் பழனியிலும் திருச்செந்தூரிலும் பிரார்த்தனை செலுத்தவும், கோடை விடுமுறையில் மதுரைப் பக்கத்துப் பாட்டி வீட்டுக்குப் போகவும், காஞ்சிபுரத்துக் குடும்பங்கள் கைக்குழந்தையையும் பள்ளிச் சிறுவரையும் ஏற்றிக்கொண்டு இராவோடு இராவாகக் காரில் புறப்படுவது இப்போது சாதாரணமாகிவிட்டது. வெயில் இராது, நெரிசல் குறையும், குழந்தைகள் அழாமல் உறங்கிவிடுவார்கள், பொழுது விடியும்போது ஊர் வந்துவிடும் என்று அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் எல்லாம் நியாயமானவையே. ஆயினும், குழந்தை எந்த யாமத்தில் அயர்ந்து தூங்குகிறதோ அதே யாமத்தில்தான் ஓட்டுகிறவருடைய உடம்பும் நித்திரையை வேண்டி நிற்கிறது என்பதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. பாலும் பண்டமும் துணிமணியும் சேகரிப்பதற்கு முன்பே ஓட்டுகிறவருக்குரிய உறக்கத்தைச் சேகரித்து வைப்பதுதான் இந்தப் பிரயாணத்தின் பிரதான ஏற்பாடு. கீழ்க்கண்ட படிகள் யாவும் அந்த ஒன்றை ஆதாரமாகக் கொண்டவை.

1. புறப்படும் நேரத்தை நிர்ணயித்தல்

பின்னிரவு 2 மணிக்கும் 5 மணிக்கும் இடைப்பட்ட காலத்தில் மனித உடம்பின் விழிப்புச் சக்தி மிகவும் தாழ்ந்துவிடுகிறது; எவ்வளவு அநுபவம் வாய்ந்த சாரதிக்கும் இது பொது விதி. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவருடைய கையும் கண்ணும் இரத்தத்தில் 0.05 சதவீதம் மது கலந்தவருடைய நிலைக்குத் தளர்ந்துவிடுகின்றன என்று, 1997ஆம் ஆண்டு ‘நேச்சர்’ என்னும் விஞ்ஞானப் பத்திரிகையில் டாசன், ரீட் என்ற இரு ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டினார்கள். நம் நாட்டுச் சட்டம் வாகனம் ஓட்டுபவருக்கு அனுமதிக்கும் அளவோ 0.03 சதவீதமே. காலை 5 மணிக்கு எழுந்து, பகல் முழுவதும் பாவின் இழையிலும் ஜரிகையின் மினுக்கிலும் கண்ணைப் பதித்துத் தறியில் அமர்ந்திருந்த ஒருவர், அல்லது முகூர்த்த மாதத்தில் பட்டுக்கடையில் நின்றபடியே வியாபாரம் பார்த்த ஒருவர், இரவு 10 மணிக்குச் சாவியைக் கையில் எடுத்தால் அந்தப் பதினேழு மணி நேரம் அப்போதே பூர்த்தியாகிவிடுகிறது என்று கணக்கிட்டுக் கொள்ளலாம்.

ஆகையால் மூன்று விதமான ஏற்பாடுகளில் ஒன்றைத் தேர்ந்துகொள்க.

முதலாவது, யாவரும் முன்னிரவு 9 மணிக்கே படுத்து, விடியற்காலை நாலரை மணியளவில் புறப்படுவது. உறக்கம் கலையாத குழந்தைகளை அப்படியே தூக்கி இருக்கையில் அமர்த்தினால் இன்னும் இரண்டு மணி நேரம் தூங்குவார்கள். விழுப்புரம் தாண்டும்போது வெளிச்சம் வந்துவிடும். இதுவே உத்தமமான முறை.

இரண்டாவது, ஓட்டுகிறவர் பிற்பகலில் இரண்டு மணி நேரம் இருட்டறையில் உறங்கி எழுந்து, மாலை 6 மணிக்குக் கிளம்பி, நள்ளிரவுக்குள் திருச்சிராப்பள்ளியை அடைந்து, முன்னதாகச் சொல்லி வைத்த விடுதியில் தங்கி, காலையில் மேற்கொண்டு செல்வது.

மூன்றாவது, இரவு முழுவதும் ஓட்டியே தீரவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இருந்தால், உரிமம் பெற்ற இருவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி ஓட்டுவது. அல்லது ஆக்டிங் டிரைவர் ஒருவரை அமர்த்துவது. அவரிடம் கூலி பேசுவதற்கு முன், அன்று பகலில் உறங்கினாரா, வேறொரு சவாரியை முடித்துவிட்டு நேரே வருகிறாரா என்று கேட்பது நம் கடமை. உறங்காதவரென்றால் வேறு ஆளைத் தேடுவதே அவருக்கும் நமக்கும் க்ஷேமம்.

ஊர்த் திருவிழாவையும் இங்கே கவனிக்க வேண்டும். வைகாசி மாதத்தில் வரதராஜப் பெருமாள் கருட சேவையைத் தரிசிக்க விடியுமுன்பே எழுந்து காத்திருந்தவர்கள், அன்றிரவே யாத்திரை கிளம்புவது கூடாது. பிரயாணத்தை மறுநாளைக்குத் தள்ளி வைத்தால் போதும்.

2. விழித்திருக்கும் துணை

காஞ்சிப் பட்டில் உடலும் கரையும் வேறு வேறு நிறமாகக் கோர்வை போட்டு நெய்யும்போது, நெய்பவர் ஒருவராக இருந்து மூன்று நாடாவையும் ஓட்டுவது கடினம் என்பதால், பக்கத்தில் ஒருவர் அமர்ந்து நாடாவை வாங்கிக் கொடுப்பது வழக்கம். இராப் பிரயாணமும் அவ்வாறே இருவர் சேர்ந்து செய்யவேண்டிய காரியம். முன்னிருக்கையில் அமர்பவர் தூங்குவதற்கு உரிமையற்றவர் என்று புறப்படுமுன்பே தீர்மானித்துக் கொள்க. வழி பார்ப்பதும், தொலைபேசி எடுப்பதும், ஓட்டுகிறவருடைய பேச்சில் தளர்ச்சி தோன்றுகிறதா என்று கவனிப்பதும் அவர் பொறுப்பு. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளப் பின்னிருக்கையில் மற்றொருவர் இருத்தல் நலம். குழந்தை அழும்போது ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்க நேர்வது பெரிய அபாயம்.

3. பாதையைத் தெரிந்தெடுத்தல்

காஞ்சியிலிருந்து தெற்கே செல்ல வந்தவாசி வழியாகவும் உத்திரமேரூர் வழியாகவும் குறுக்குப் பாதைகள் உண்டு. பகலில் அவை ஏரியும் வயலுமாக மனத்துக்கு இனியவை; இரவில் நடுத்தடுப்பு இல்லாத அந்தச் சாலைகளில் எதிர்வண்டியின் விளக்கு கண்ணைக் கூசச் செய்யும்; மாடுகள் படுத்திருக்கும்; அறுவடைக் காலமானால் சாலையிலேயே உலர்த்திய நெல்லைக் குவித்துத் தார்ப்பாயால் மூடிக் கல் வைத்திருப்பார்கள். ஆதலால் இரவில், சற்றுச் சுற்றானாலும், வாலாஜாபாத் வழியாகச் செங்கற்பட்டை அடைந்து நான்கு வழி நெடுஞ்சாலையில் சேர்வதே மேல். பிறகு மேல்மருவத்தூர், திண்டிவனம், விழுப்புரம், உளுந்தூர்ப்பேட்டை, பெரம்பலூர் என்று திருச்சி வரைக்கும் பாதை நேரானது. ஃபாஸ்டேக்கில் போதிய தொகை இருக்கிறதா என்று முந்தைய நாளே பார்த்து வைத்தால் சுங்கச்சாவடியில் வண்டி நின்று குழந்தை விழித்துக்கொள்ளும் தொந்தரவு குறையும்.

மார்கழி, தை மாதத்து விடியற்காலையில் மதுராந்தகம் ஏரிப் பக்கத்திலும் திண்டிவனத்துச் சமவெளியிலும் பனிமூட்டம் இறங்குவதுண்டு. போகிப் பண்டிகையன்று புகையும் கூடச் சேரும். பத்தடி தெரியாத பனியில் ஊர்ந்து செல்வதைக் காட்டிலும், விளக்கு எரியும் பெட்ரோல் நிலையம் ஒன்றில் ஒதுங்கி ஒரு மணி நேரம் காத்திருப்பது விவேகம்.

4. குழந்தைக்குரிய ஆசனம்

தாயின் மடியே குழந்தைக்குப் பத்திரமான இடம் என்று நாம் தலைமுறை தலைமுறையாக நம்பி வருகிறோம். வீட்டில் அது மெய்யாக இருக்கலாம், ஓடும் காரில் அது மெய்யன்று. 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதும்போது 10 கிலோ எடையுள்ள குழந்தை தாயின் கையிலிருந்து சில நூறு கிலோ எடைக்கு நிகரான விசையுடன் பறிக்கப்படும். அதைத் தாங்கக்கூடிய கை உலகத்தில் இல்லை. புடவையைக் கட்டி வண்டிக்குள் தூளி ஆட்டுவதும் இதே காரணத்தால் தவிர்க்கப்பட வேண்டியது. 14 வயது நிரம்பாத குழந்தையை இருக்கைப் பட்டையோ குழந்தைக்குரிய பாதுகாப்பு இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால், 2019ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ரூ. 1,000 அபராதம் உண்டு.

கைக்குழந்தைக்கு, பின்னோக்கிய குழந்தை இருக்கையைப் பின்னிருக்கையில் பொருத்துக. காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் அதை ஒருபோதும் வைக்கலாகாது. இரண்டு வயது வரைக்குமாவது பின்னோக்கியே அமர்த்துதல் உசிதம். அதன்பின் முன்னோக்கிய இருக்கை. பிறகு, தோள்மேல் செல்லும் பட்டை கழுத்தில் உராயாதபடி உயர்த்தும் பூஸ்டர் இருக்கை. கம்பளியைப் பட்டைக்கு உள்ளே சுற்றாமல் பட்டையை மாட்டிய பின் மேலே போர்த்துக. சிறு சிசு சாய்ந்த இருக்கையில் நெடுநேரம் தூங்கினால் தலை முன்னே கவிழ்ந்து மூச்சு தடைப்படக்கூடும். ஆதலால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, குழந்தையை வெளியே எடுத்துச் சமமாகக் கிடத்திச் சிறிது நேரம் வைத்திருக்க வேண்டும். வாங்கிய இருக்கையில் புறப்படும் நாளன்றுதான் முதன்முதலாகக் குழந்தையை அமர்த்துவதென்பது கூடாது. ஒரு வாரத்துக்கு முன்பே ஊருக்குள் பிள்ளையார்பாளையம் வரையோ ஓரிக்கை வரையோ சென்றுவரப் பழக்குங்கள்.

5. வண்டியைச் சித்தம் செய்தல்

சக்கரங்களின் காற்றை வண்டி சூடேறுமுன் அளந்து, உபரிச் சக்கரத்தையும் மறவாமல் பாருங்கள். முன்கண்ணாடியின் உட்புறத்தையும் துடைக்க வேண்டும். உள்ளே படிந்த புகைப்படலந்தான் இரவில் எதிரொளியைப் பெருக்குகிறது. எவர்சில்வர் தூக்கு, தண்ணீர்க் குடம் முதலிய கனமான பாத்திரங்களைக் குழந்தைகளின் தலைக்குப் பின்னுள்ள பலகையில் வையாமல் கீழே தரையில் அடக்கி வைக்க வேண்டும்.

குளிர்சாதனத்தை உள்காற்றே திரும்பத் திரும்பச் சுழலும்படி நெடுநேரம் விட்டால் கரியமிலவாயு சேர்ந்து ஓட்டுகிறவருக்கு மந்தத்தை உண்டாக்கும். அவ்வப்போது வெளிக்காற்று வரும்படி மாற்றுங்கள். நிறுத்திய வண்டியில் எஞ்சினையும் குளிர்சாதனத்தையும் ஓடவிட்டுக் கண்ணாடிகளை மூடிக் குடும்பமாகத் தூங்குவதும், கொசுவர்த்தி கொளுத்தி வைப்பதும் உயிருக்கே ஆபத்தானவை.

6. உணவும் மருந்தும்

மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து மந்தாரை இலையில் வேகவைக்கும் நம்மூர்க் கோயில் இட்லி மறுநாள்வரை கெடாத கட்டுச்சோறு. குழந்தைகளுக்காக மிளகைக் குறைத்து வீட்டில் வார்த்துக் கொள்ளலாம். வாழைப்பழமும், பொடி தடவிய இட்லியும், காய்ச்சி ஆறிய நீரும் போதும். புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இலேசாக உண்ணக் கொடுத்தால் வாந்தி குறையும். புட்டிப்பால் கொடுப்பவர்கள் வெந்நீரைப் பிளாஸ்கிலும் மாவைத் தனியாகவும் வைத்துக்கொண்டு அப்போதைக்கப்போது கலக்க வேண்டும். தாய்ப்பால் ஊட்டுவது வண்டி நின்ற பின்னரே ஆகவேண்டும்.

வழியில் குழந்தை தூங்கவேண்டும் என்பதற்காகச் சளி மருந்தையோ இருமல் மருந்தையோ கொடுப்பது சிலரிடம் உண்டு. அது மூச்சையே மந்தப்படுத்தக்கூடிய கொடிய பழக்கம். வைத்தியர் எழுதித் தந்தாலன்றி எந்த மருந்தும் வேண்டா.

7. சாலையில் நடந்துகொள்ளும் முறை

80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், ஆபத்தைக் கண்ட கணத்திலிருந்து முழுவதும் நிற்பதற்குள் ஏறக்குறைய 60 முதல் 70 மீட்டர் ஓடிவிடுகிறது. தாழ்த்திய விளக்கின் வெளிச்சமோ அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. சாலையோரத்தில் பின்விளக்கின்றி நிற்கும் லாரிகள் நம் நெடுஞ்சாலைகளில் அநேகமாதலால், இரவில் அந்த 80 கிலோமீட்டருக்கும் குறைந்த வேகமே குடும்ப வண்டிக்குத் தகும். இடது ஓரத்தை ஒட்டாமலும் முன்வண்டியை நெருங்காமலும் செல்லுங்கள்.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, குழந்தை ஆழ்ந்து தூங்கினாலும், நிறுத்தத்தான் வேண்டும். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் உள்ள உணவு விடுதி, பெட்ரோல் நிலையம், சுங்கச்சாவடியின் கழிப்பிடம் ஆகியவையே நிறுத்துவதற்கு ஏற்ற இடங்கள். குழந்தைகளைச் சாலைப் பக்கமாக அன்றி இடப்பக்கக் கதவால் இறக்கி, கையைப் பற்றியே அழைத்துச் செல்லுங்கள்.

8. தூக்கம் வந்துவிட்டால்

கடந்து வந்த சில மைல்கள் நினைவில் இல்லாமை, பெயர்ப்பலகையைப் பார்த்தும் படிக்காமல் விடுதல், அடிக்கடி கொட்டாவி, வண்டி கோட்டை விட்டு விலகுதல் ஆகிய இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அதுவே எச்சரிக்கை. 90 கிலோமீட்டர் வேகத்தில் நான்கு விநாடி கண் மூடினால் வண்டி 100 மீட்டர் தூரத்தைப் பார்ப்பாரின்றிக் கடந்துவிடும். பாட்டை உரக்க வைப்பதும், கண்ணாடியை இறக்குவதும், முகத்தில் நீர் தெளிப்பதும் சில நிமிஷங்களுக்கு மேல் உதவா. பத்திரமான இடத்தில் நிறுத்தி, ஒரு குவளை காபி அருந்தி, எஞ்சினை அணைத்துக் கண்ணாடியைச் சிறிது இறக்கி, உடனே 20 நிமிஷம் உறங்குக. எழும் நேரத்தில்தான் காபியின் வேகம் இரத்தத்தில் ஏறத் தொடங்கும். அதற்குப் பிறகும் மந்தம் தெளியாவிட்டால், அடுத்த ஊரில் அறை எடுத்துப் படுப்பதைத் தவிர வேறு பரிகாரம் இல்லை.

9. வண்டி பழுதானால்

அபாய விளக்கை எரியவிட்டு, சாலையின் இடது விளிம்புக்கு அப்பால் வண்டியை ஒதுக்குங்கள். முதலில் குழந்தைகளையும் முதியோரையும் இடப்பக்கமாக இறக்கித் தடுப்புக்கு வெளியே தொலைவில் நிறுத்திய பிறகே, முக்கோணப் பிரதிபலிப்பானைப் பின்புறம் 50 மீட்டருக்குக் குறையாத தூரத்தில் வையுங்கள். ஒருவரும் வண்டிக்குள் அமர்ந்து காத்திருக்கலாகாது. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, ஆம்புலன்ஸுக்கு 108, மற்ற அவசரங்களுக்கு 112. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி எல்லோர் கண்ணிலும் படும்படி முன்னே ஒட்டி வைப்பது நல்லது.

10. திரும்பும் பிரயாணம்

புறப்படும்போது இவ்வளவும் கவனித்தவர்கள்கூடத் திரும்பும்போது அசட்டையாக இருந்துவிடுகிறார்கள். கோயிலில் விடியற்காலை முழுக்கு, பொங்கல் வைத்தல், மொட்டை, காதுகுத்து, பந்தி, உறவினரை வழியனுப்புதல் என்று பகல் முழுவதும் நின்று களைத்த மனிதர், மறுநாள் தறி கட்டவேண்டும், பள்ளி திறக்கிறது என்னும் காரணத்தால் அன்றிரவே வண்டியை எடுக்கிறார். வரும்போது இருந்த உற்சாகமும் இப்போது இல்லை. ஆகவே விசேஷத்துக்கு நாள் குறிக்கும்போதே அதற்கு அடுத்த நாளையும் சேர்த்தே ஒதுக்கிவிடுங்கள். கூலி ஒருநாள் குறைந்தால் அடுத்த வாரம் ஈடு செய்யலாம். பள்ளியில் ஒருநாள் விடுப்புக்கு ஒரு கடிதம் போதும். காதுகுத்து முடிந்த அன்றிரவு, ஓட்டுகிறவரைக் குழந்தைகளோடு சேர்த்துத் தூங்க வைப்பதே, எந்தத் தெய்வத்தைத் தரிசிக்கச் சென்றோமோ அந்தத் தெய்வத்துக்கும் உகந்த காரியமாகும்.