பால்கோவா டப்பாவுக்கு ஒரு லோகோ

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பால்கோவா விற்கும் நண்பருக்கு பெயின்ட்டில் ஒரு லோகோ வரைந்து கொடுத்தேன். ஊரின் அடையாளமான 11 நிலை ஆண்டாள் கோயில் கோபுரம், கீழே கடைப்பெயர். திரையில் அழகாகத்தான் இருந்தது. பிளக்ஸ் போர்டில் ஓரமெல்லாம் படிக்கட்டு போல உடைந்தது. கால் கிலோ டப்பா ஸ்டிக்கரில் கோபுரம் வெறும் கறுப்புத் திட்டு!

பெயின்ட் படத்தைப் புள்ளிகளாகச் சேமிக்கிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி என அச்சடித்தால், 300 புள்ளி அகலப் படம் ஒரே அங்குலம்தான் வரும். இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப் கோடுகளாகச் சேமிப்பதால் எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது.

அதில் மறுபடி வரைந்தேன். ஒரே நிறம், கோபுரத்துக்கு 3 நிலை மட்டும் (ஆண்டாள் மன்னிப்பாள்). கடைப்பெயரை செலக்ட் செய்து, பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுங்கள். இல்லையென்றால், அந்தத் தமிழ் ஃபான்ட் இல்லாத அச்சகக் கணினியில் எழுத்து மாறிவிடும். பிறகு எழுத்தைத் திருத்த முடியாது. முன்பே ஒரு பிரதி சேவ் செய்துகொள்ளுங்கள்.

கோபுரத்தோடு சிங்கத் தூணும் கேட்டார் நண்பர். மறுத்துவிட்டேன். அது தமிழக அரசு முத்திரை போலாகிவிடும். அனுமதியின்றி அதை வணிகத்தில் பயன்படுத்த 1950ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

கடைசியாக, 2 செ.மீ. அகலத்தில் கறுப்பு வெள்ளையில் பிரின்ட் எடுத்து, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். கடைப்பெயர் தெரியவில்லையா? படத்தில் இன்னும் ஏதாவது ஒன்றை அழியுங்கள்.