முதலில் கணக்குப் போடு

உத்தமபாளையம்

அன்பு மகளுக்கு, பெரியம்மா எழுதுவது.

நாற்பத்திரண்டு வயதில் பி.எஸ்சி. இயற்பியல் சேரலாமா என்று கேட்டிருந்தாய். தயங்காமல் சேர். ஆனால் நீ பயப்படுவது ஒன்று, பயப்பட வேண்டியது வேறொன்று. அதைச் சொல்லத்தான் போனில் பேசாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வயதைப் பற்றி உன் மாமியார் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதே. மேன்ஃபிரட் ஸ்டைனர் என்று ஒருவர், வியன்னாவில் பிறந்தவர். இளமையில் அவருக்கு இயற்பியல்தான் ஆசை. வீட்டில் மருத்துவம் படிக்கச் சொன்னார்கள். 1955இல் மருத்துவப் பட்டம் வாங்கி, பிறகு அமெரிக்கா போய் ரத்தநோய் மருத்துவராகவே உழைத்தார். எழுபதை நெருங்கும்போது ஓய்வு பெற்று, பிரவுன் பல்கலைக்கழகத்தில் இளநிலை மாணவர்களின் வகுப்பில் போய் உட்கார்ந்தார். 2021இல், 89 வயதில், இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். பத்திரிகைகள் அந்த 89ஐத்தான் கொட்டை எழுத்தில் போட்டன. எனக்குப் பெரிதாகப் படுவது நடுவில் போன ஏறத்தாழ இருபது ஆண்டுகள். மருத்துவத்தில் அத்தனை பெயர் எடுத்தவர், முதலாண்டுப் பாடத்திலிருந்து ஒவ்வொன்றாகப் படித்து ஏறினார்.

வேலையை விடலாமா என்றும் கேட்டிருந்தாய். வேண்டாம். உன்னைப் போலக் கணக்கெழுதிச் சம்பளம் வாங்கியவர்தான் சர் சி.வி. ராமனும். 1907 முதல் பத்து ஆண்டுகள் அவர் அரசு நிதித்துறை அதிகாரி. கல்கத்தாவில் அலுவலகம் போகும் முன்னும் முடிந்த பின்னும் பவ்பஜார் தெரு ஆய்வகத்தில் இருப்பார். 1917இல்தான் வேலையை விட்டுப் பேராசிரியர் ஆனார், அதுவும் குறைந்த சம்பளத்துக்கு. ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதும் உன் வேலை இருக்கட்டும். விடிகாலை ஒரு மணி நேரம் மட்டும் உன்னுடையது என்று மாப்பிள்ளையிடமும் பிள்ளைகளிடமும் இப்போதே சொல்லிவிடு. அந்த நேரத்தில் காபி கேட்டு யாரும் உன்னை எழுப்பக் கூடாது.

நீ பயப்பட வேண்டியது கணிதத்துக்கு. பேரேட்டில் கூட்டலும் சதவீதமும் உனக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் பிளஸ் டூ முடித்தபின் வகைக்கெழுவையும் தொகையீட்டையும் நீ தொட்டதில்லை. கல்லூரிப் பாடம் முதல் பருவத்திலேயே அவை உனக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டுதான் ஓடும். கருந்துளை பற்றிய காணொலிகள் பார்த்துத்தான் ஆசை வந்தது என்றாய். வந்த ஆசை நல்லது. ஆனால் அவற்றைப் பார்த்துத் தலையாட்டுவது வேறு, வெள்ளைத்தாளில் பேனாவோடு ஒரு கணக்கை முடிப்பது வேறு. சேர்க்கைக்கு முன் அரசுப் பாடநூல், பதினொன்றும் பன்னிரண்டும், கணிதமும் இயற்பியலும் எடுத்துப் பயிற்சிக் கணக்குகளை ஒன்று விடாமல் போடு. ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் வி. பாலகிருஷ்ணனின் வகுப்புகள் என்பிடெல் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பொக்கிஷம் அவை. ஆனால் இப்போது திறக்காதே, மலைத்துப் போவாய். மூன்றாம் ஆண்டில் கேள்.

கணக்குக்கு வெளியூர் போக வேண்டாம். பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து வந்து லோயர் கேம்ப் மின்நிலையத்தில் விழுகிறதே, அதையே எடுத்துக்கொள். வினாடிக்கு 100 கன அடி என்றால் ஏறத்தாழ 2.83 கன மீட்டர், அதாவது 2,830 கிலோ தண்ணீர். 100 மீட்டர் இறங்கினால், 9.8ஆல் பெருக்கிப் பார், வினாடிக்குச் சுமார் 27.7 லட்சம் ஜூல், அதாவது 2,770 கிலோவாட். உராய்வில் போகும் இழப்பைக் கழிக்காத கணக்கு இது. அணையிலிருந்து இத்தனை கன அடி திறப்பு என்று தினமும் பேப்பரில் படிக்கிறோம். அந்த எண்ணை வைத்து நீயே மின்சாரம் கணக்கிடும் நாளில் இயற்பியல் உன் கைக்கு வந்துவிடும்.

இன்னொன்று எனக்கு நெடுநாளாக மனதில் கிடப்பது. உனக்குப் பக்கத்துப் பொட்டிபுரம் மலையில் நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மலைக்குள் 50,000 டன் காந்த இரும்புக் கருவி வைக்கும் திட்டம். ஊர் எதிர்த்தது, வழக்கு நடந்தது. 2022இல் மாநில அரசும் உச்ச நீதிமன்றத்தில் வேண்டாம் என்றது. அந்த ஆண்டுகளில் இங்கே டீக்கடைவரை இதே பேச்சு. நியூட்ரினோ நம்மைக் கொன்றுவிடும் என்றார்கள். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்கள் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் வினாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி வீதம் எப்போதும் கடந்துகொண்டே இருக்கின்றன, நமக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் பாறையை வெடிவைத்துக் குடைந்தால் காடும் ஊற்றும் என்னாகும் என்பது நியாயமான, தனியான கேள்வி. ஒன்றை மற்றதோடு குழப்பி, விஞ்ஞானத் தரப்பும் ஊர்த் தரப்பும் ஒருவரை ஒருவர் கேட்காமலே பேசினார்கள். இரண்டையும் பிரித்து, எண்ணோடு கேட்க இந்தப் பள்ளத்தாக்கிலேயே பிறந்த ஆட்கள் வேண்டும். படித்து என்ன வேலைக்குப் போகப் போகிறாய் என்று கேட்பவர்களுக்கு நீ பதில் சொல்ல வேண்டாம். எனக்கு நீ எதற்குப் படிக்க வேண்டும் என்பது தெரியும்.

சேரும் வழி. உத்தமபாளையத்தில் ஹவுதியா கல்லூரி இருக்கிறது, ஆனால் பகல் வகுப்பு உன் வேலைக்கு ஒத்துவராது. இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வயது வரம்பு கிடையாது. மூன்றாண்டுப் பட்டத்தை ஆறு ஆண்டுவரை இழுத்துப் படிக்கவும் விடுவார்கள். பணம் கட்டும் முன் மதுரை மண்டல மையத்தில் ஒன்றைக் கட்டாயம் கேள்: இயற்பியல் செய்முறை வகுப்பு எந்த மையத்தில், எந்த மாதத்தில் நடக்கும்? செய்முறையைத் தவறவிட்டால் தேர்வு மட்டும் எழுதிப் பட்டம் வாங்க முடியாது. மதுரைக்குப் போடியிலிருந்து 2023 முதல் மறுபடியும் ரயில் ஓடுகிறது. போகவர ஆகும் நேரமும் உனக்குப் படிப்பு நேரம்தான்.

சித்திரையில் வீரபாண்டித் திருவிழாவுக்கு வருவாயல்லவா, கணக்கு நோட்டையும் எடுத்து வா. தப்பாகப் போட்டதை அழித்துவிடாதே. எந்த வரியில் வழுக்கினாய் என்று நான் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பெரியம்மா