ஆய்வாளருக்கு யார் மதிப்பெண் போடுவது?

மாணவர்களே, தேர்வு எழுதினால் உங்கள் உழைப்புக்கு ஓர் எண் கிடைத்துவிடும். ஆராய்ச்சி செய்பவர்களுக்கு யார் மதிப்பெண் போடுகிறார்கள்? குளுகோர் பக்கம் பேருந்தில் போகும்போது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைப் பார்த்திருப்பீர்கள். அங்கும் உலகின் மற்றப் பல்கலைக்கழகங்களிலும் நடக்கும் ஆய்வுகளை எப்படி எடைபோடுகிறார்கள்? ஒரு சுகாதாரப் பொருளியல் அறிஞரின் பணியைக் கொண்டு இதைத் தெரிந்துகொள்வோம்.

மருந்தும் மீனும்

அரசாங்கக் கிளினிக்கில் உங்கள் அம்மா 1 வெள்ளி கட்டிவிட்டு மருத்துவரைப் பார்த்து, மருந்தும் வாங்கி வருகிறார். உண்மைச் செலவு அதைவிடப் பல மடங்கு. மீதியை மக்களின் வரிப்பணம் சுமக்கிறது. பணம் அளவானது, நோய்களோ பல. எதற்கு எவ்வளவு செலவிட்டால் மக்களுக்கு அதிக நன்மை கிடைக்கும் என்று ஆராய்வதே சுகாதாரப் பொருளியல்.

இத்துறையில் அறியப்பட்டவர்களில் ஒருவர் இரமணன் லட்சுமிநாராயண். இந்தியாவின் பிலானியில் பொறியியல் படித்தவர். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பொருளியல் முனைவர் பட்டம் பெற்றவர். நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கடல் மீனைப் போன்ற பொதுச் சொத்தாக அவர் பார்க்கிறார். தெலுக் பகாங் கடலில் ஆளாளுக்கு அளவின்றி வலை வீசினால் நாளை யாருக்கும் மீன் இருக்காது. அதுபோல, தேவையில்லாமல் மாத்திரை விழுங்கும்போது மருந்துக்கு மடியாத கிருமிகள் மட்டும் தப்பிப் பெருகுகின்றன. அதன் நட்டம் விழுங்கியவரோடு நிற்பதில்லை, ஊரையே சேர்கிறது.

அவரும் சக ஆய்வாளர்களும் 71 நாடுகளின் விற்பனைக் கணக்கை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டனர். 2000 முதல் 2010 வரை நுண்ணுயிர்க்கொல்லிப் பயன்பாடு 36 விழுக்காடு உயர்ந்ததாக அது காட்டியது. 2020-இல் தமிழ்நாடு, ஆந்திரா ஆகிய இரு மாநிலங்களில் கோவிட் பரவிய விதத்தை ஆராய்ந்த குழுவிலும் அவர் இருந்தார். 84,965 நோயாளிகளோடு தொடர்பிலிருந்த 575,071 பேரின் சோதனை முடிவுகளை அக்குழு அலசியது.

மேற்கோளை எண்ணுவது

ஓர் ஆய்வாளர் புதிய கட்டுரை எழுதும்போது, எந்த முன்னைய ஆய்வுகளைப் பயன்படுத்தினார் என்று குறிப்பிட வேண்டும். இதுவே மேற்கோள். யாருடைய கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டினர் என்று தொகுக்கும் அட்டவணைத் திட்டத்தை 1955-இல் முன்வைத்தவர் அமெரிக்கரான யூஜின் கார்ஃபீல்டு. அதற்கும் முன்பே, 1948-இல், நூலகப் பணிகளைக் கணக்கியலால் அளக்கலாம் என்று சொன்னவர் சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். இரங்கநாதன்.

2005-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் ஹிர்ஷ் ‘எச் குறியீடு’ என்ற அளவையைத் தந்தார். கணக்கு எளிது. கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கையின் இறங்கு வரிசையில் எழுதுங்கள். வரிசை எண்ணைவிட மேற்கோள் குறையாமல் இருக்கும் கடைசி இடமே எச் குறியீடு.

ஒருவரின் ஆறு கட்டுரைகள் பெற்ற மேற்கோள்கள் 40, 22, 9, 5, 3, 1 என்று வைப்போம். நான்காவது கட்டுரைக்கு 5 மேற்கோள், போதும். ஐந்தாவதற்கு 3 மட்டுமே, போதாது. எனவே குறியீடு 4. இன்னொருவருக்கு 900, 2, 1 என்றால்? மொத்த மேற்கோள் 903. ஆனால் குறியீடு 2 மட்டுமே!

இருவரில் யார் சிறந்தவர்? முதல்வரின் கட்டுரைகள் பல பயன்பட்டிருக்கின்றன. இரண்டாமவரின் ஒரே கட்டுரை ஒரு துறையையே மாற்றியிருக்கலாம். கட்டுரைகளைப் படிக்காமல் சொல்ல முடியாது.

எண் சொல்லாதது

அதிக மேற்கோள் என்பதால் ஆய்வு சரியானது என்று ஆகிவிடாது. 1998-இல் ‘லான்செட்’ இதழில் 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதப்பட்ட கட்டுரை ஒன்று, தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பிருக்கலாம் என்றது. 2010-இல் இதழே அதை மீட்டுக்கொண்டது. அக்கட்டுரையையும் ஏராளமானோர் மேற்கோள் காட்டியுள்ளனர். பலர் அது தவறு என்று சொல்வதற்காகவே! இன்னொன்று: ஒருவர் தம் பழைய கட்டுரைகளைத் தாமே மேற்கோள் காட்டியும் எண்ணைக் கூட்டிக்கொள்ளலாம்.

தேவையற்ற நுண்ணுயிர்க்கொல்லியை ஒரு மருத்துவர் எழுதித் தராமல் விட்டால், அந்த நன்மை எந்த மேற்கோள் அட்டவணையிலும் ஏறாது. ஆனால் ஆய்வின் பயன் அங்கேதான் இருக்கிறது. ஆகவே, “எத்தனை பேர் மேற்கோள் காட்டினர்?” என்பதோடு நின்றுவிடாதீர்கள். “எதற்காகக் காட்டினர்? அதனால் யாருக்கு என்ன மாறியது?” என்றும் கேளுங்கள்.

செய்து பாருங்கள்: ஓர் ஆய்வாளரின் கட்டுரைகள் 6, 15, 2, 12, 5, 7 மேற்கோள்கள் பெற்றுள்ளன. அவருடைய எச் குறியீடு என்ன?

விடை: 5.