தெருக் கணக்கில் ஒரு சபை

கேள்வி: மார்மன் சபையின் தொடக்க வரலாற்றைப் படித்து நம்பிக்கை ஆட்டம் கண்ட பிறகும் பலர் ஞாயிறு தவறாமல் அங்கே போகிறார்களாமே? நம்பாத இடத்தில் போய் உட்காருவது பாசாங்கு இல்லையா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆட்டம் காண்பதற்குக் காரணம் இருக்கிறது. 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் இந்தச் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித், எகிப்தியப் பாப்பிரஸ் சுருள்களிலிருந்து மொழிபெயர்த்ததாகச் சொன்ன ‘ஆபிரகாமின் புத்தகம்’ இன்றும் அவர்களுக்கு வேதநூல். சுருள்களின் துண்டுகள் சில 1967-ல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலிருந்து சபையின் கைக்குத் திரும்பி வந்தன. படித்துப் பார்த்த எகிப்தியல் அறிஞர்கள், அவை இறந்தவரோடு வைத்துப் புதைக்கும் ஈமச்சடங்கு ஏடுகள், ஆபிரகாம் பெயரே அவற்றில் இல்லை என்றார்கள். ஸ்மித்தின் பல மனைவியரில் ஒருத்திக்குத் திருமணத்தின்போது 15 வயதுகூட நிறையவில்லை என்பதை 2014-ல் சபையே கட்டுரை வெளியிட்டு ஒப்புக்கொண்டது. 12 வயதுப் பையன்களுக்கெல்லாம் ஆசாரியத்துவம் தரும் சபை, கறுப்பின ஆண்களுக்கு மட்டும் அதை 1978 வரை மறுத்தது. இதையெல்லாம் படித்தும் ஒருவர் கலங்காவிட்டால்தான் வியப்பு.

ஆனால் உங்கள் கேள்வியில் ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது: சபையில் இருப்பது என்றால் ஒரு கொள்கைப் பட்டியலுக்குக் கையெழுத்துப் போடுவது என்று. மார்மன்களின் ஞாயிற்றுக்கிழமை அப்படி நடப்பதில்லை. அவர்களுடைய அடிப்படை அலகுக்குப் பெயர் ‘வார்டு’. நம் நகராட்சி வார்டுதான். 1840-களில் இல்லினாய் மாநிலத்து நாவூ நகரின் வார்டுகளிலிருந்து வந்த சொல். எந்த வார்டுக்குப் போவது என்பதை உங்கள் வீட்டு முகவரி முடிவு செய்யும். பிரசங்கம் பிடிக்கவில்லை என்று அடுத்த வார்டுக்கு மாறுவது வழக்கமில்லை. வார்டை நடத்தும் பிஷப் சம்பளம் வாங்காதவர். வாரம் முழுக்கப் பல் பிடுங்குகிறவராகவோ காப்பீடு விற்கிறவராகவோ இருப்பார், சில ஆண்டுகளில் பொறுப்பை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டுப் பழையபடி பெஞ்சில் வந்து உட்காருவார். பிரசங்கம் செய்வதும் முறை வைத்து உறுப்பினர்களே. கைக்குழந்தைகள் வீறிட்டுக் கொண்டிருக்க, வெள்ளைச் சட்டைப் பையன்கள் பிய்த்த ரொட்டித் துண்டுகளையும், திராட்சரசத்துக்குப் பதிலாகச் சின்னஞ்சிறு கிண்ணங்களில் தண்ணீரையும் தட்டில் வைத்து வரிசை வரிசையாகக் கொண்டுவருவார்கள். ஆளுக்கொரு பொறுப்பு உண்டு: பியானோ வாசிப்பது, மூன்று வயதுக் குழந்தைகளை மேய்ப்பது, பிரசவித்த வீட்டுக்குச் சாப்பாடு அனுப்புவது. தங்குவதற்கான காரணம் இந்த அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் கருத்து. யூஜீன் இங்லண்ட் என்ற மார்மன் கட்டுரையாளர் 1986-ல் இதையே வாதமாக எழுதினார்: நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்களோடு, அவர்களுடைய அசட்டுத்தனத்தோடும் நம்முடையதோடும், சேர்ந்து உழைக்க வைப்பதால்தான் இந்தச் சபைக்கு மதிப்பு என்று.

கூட்டுறவுதான் வேண்டுமென்றால் புத்தகக் குழுவோ தொண்டு நிறுவனமோ போதாதா என்று கேட்கலாம். போதாது என்றே நினைக்கிறேன். அங்கே நம்மைப் போன்றவர்களை நாமே தேடிச் சேர்கிறோம்; சலித்தால் நின்றுவிடுகிறோம். எதிர்க்கட்சிக்கு ஓட்டுப் போடும் பக்கத்துத் தெருக் கிழவரின் மருத்துவமனைக் கட்டிலருகே உட்காரும் கடமை அங்கே யாருக்கும் வராது.

இன்னொரு மறுப்பு கனமானது: தங்குகிறவர் சபையின் தவறுகளுக்கும் தோள் கொடுக்கிறாரே? ஓரளவு உண்மை. ஆனால் கறுப்பினத் தடைக்கு ஸ்மித்திடம் மூலம் இல்லை, அது அவருக்குப் பின் சபைத் தலைவரான பிரிகாம் யங் காலத்தில் வந்தது என்று 1973-ல் ஆவணங்களோடு காட்டியவர் லெஸ்டர் புஷ் என்ற மார்மன் மருத்துவர். கட்டுரையை வெளியிட்டது யூஜீன் இங்லண்ட் தம் நண்பர்களோடு தொடங்கிய ‘டயலாக்’ இதழ். அந்தத் தடை 1852-ல் யங் அறிவித்தது என்று 2013-ல் சபையும் எழுதியது. உள்ளே இருந்து தோண்டுகிறவர்களுக்கு விலையும் உண்டு: 1993 செப்டம்பரில் மட்டும் ஆறு எழுத்தாளர்களும் அறிஞர்களும் சபை நடவடிக்கைக்கு ஆளானார்கள். இந்த விலை எல்லோருக்கும் ஒன்றல்ல. மணமான ஆணுக்குத் தங்குவது எளிது. தன் உறவையே பாவம் என்று கேட்க நேரும் தன்பாலின ஈர்ப்புள்ள இளைஞனிடம் போய் வார்டின் அருமையைப் பேசுவது கொடுமை. அவன் கிளம்பினால் நான் தடுக்க மாட்டேன்.

பாசாங்குக்கு வருவோம். மாதத்தின் முதல் ஞாயிறு சாட்சி சொல்லும் நாள். ‘இது உண்மையென்று அறிவேன்’ என்பது அங்கே வாடிக்கையான வாசகம். ஐயமுள்ளவர் ‘நம்புகிறேன்’ என்றோ ‘நம்ப விரும்புகிறேன்’ என்றோ சொல்லலாம், பேசாமலும் இருக்கலாம். வார்டுக்கு வர யாரும் தேர்வு வைப்பதில்லை. தேர்வு, ஞாயிறு கூட்டத்துக்கு வேறாகத் திருமணம் போன்ற சடங்குகள் நடக்கும் கோயிலுக்குத்தான்: அதன் அனுமதிச் சீட்டுக்கான பேட்டியில் நம்பிக்கையைப் பற்றியும் தசமபாகத்தைப் பற்றியும் நேரடியாகக் கேட்பார்கள். அங்கே மனமறிந்து பொய்யாக ‘ஆம்’ சொன்னால் அது பாசாங்கு. சொல்ல மறுத்தால் சீட்டு இல்லை. மகளின் கோயில் திருமணத்தின்போது தகப்பன் வெளியே காத்திருக்க வேண்டியதுதான். முன்பெல்லாம் அமெரிக்காவில், எல்லோரும் பார்க்க வெளியில் மணம் செய்துகொண்ட ஜோடி கோயில் சடங்குக்கு ஓராண்டு பொறுக்க வேண்டியிருந்தது. 2019 மே மாதம் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். மகள் மனம் வைத்தால், முதலில் நடக்கும் அந்த மணத்திலாவது இப்போது தகப்பன் முன்வரிசையில் உட்காரலாம்.